நாங்கள் கேலி செய்யாத ஒருவர்

“நீங்கள் யாரும் கேட்கவில்லையே. நானாக எப்படிச் சொல்வது?”

2025 ஜனவரி கடைசியில், வால்பாறையிலிருந்து இறங்கும் மலைப்பாதையில், 11-ஆவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, சாலையோரக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என்னிடம் கேட்டது இது. கோபமாகக் கேட்கவில்லை. கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூட முடியாமல் விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டே கேட்டார். பத்தடி தள்ளி அவருடைய கார், மலைப்பக்கத்து வாய்க்காலில் முன்சக்கரம் ஒன்றை இறக்கிவிட்டுச் சாய்ந்து நின்றது. பிரேக் லைனிங் கருகிய நெடி மூக்கைக் குத்தியது. அன்று அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோவையில் பழைய கார் ஓட்டும் பதினொரு பேர் நாங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் கூடுவோம். கோவைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, இங்கே டீக்கடை என்பதே பேக்கரிதான். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, டீயும் தேங்காய் பன்னும் வைத்துக்கொண்டு பத்து மணி வரை பேசுவோம். எங்களுக்குள் சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. வண்டியின் பெயர்தான் ஆளின் பெயர். 1984 பிரீமியர் பத்மினி வைத்திருக்கும், பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் பத்மினி அண்ணன். மார்க் 4 வைத்திருப்பவர் அம்பாசிடர் மாமா. ஒரு காலத்தில் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைத் தன் அப்பாவிடமிருந்து பெற்று இன்றும் ஓட்டுகிற கணக்கு ஆசிரியர், ஹெரால்டு வாத்தியார். என்னிடம் இருப்பது 1996 மாருதி 800. எண்ணூறு அம்மணி என்றால் நான்தான்.

வால்பாறை என்று முடிவாவதற்கே மூன்று ஞாயிறு பிடித்தது. மாதம் ஒருமுறை கூடுகிறவர்கள் அந்த டிசம்பரில் வாராவாரம் கூடினோம். ஒருவர் ஊட்டி என்று ஆரம்பித்தார். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். “பாஸ் எடுத்துவிடலாம். அம்பாசிடர் மாமா வீட்டிலிருந்து புறப்படுவதற்குள் அது காலாவதியாகிவிடுமே, அதற்கு என்ன செய்வது?” என்று வாத்தியார் கேட்டார், ஊட்டி அங்கேயே முடிந்தது. ஏற்காட்டுக்கு 20 வளைவுகள், அது போதாது என்றார்கள். பத்மினி அண்ணன் கொல்லிமலை என்றார். “கொல்லிமலைக்கு எழுபது வளைவு அண்ணா. பாதியிலேயே உங்களுக்கு வேட்டி தீர்ந்துவிடும்” என்றார் மாமா.

அந்த வேட்டிக்கு ஒரு கதை உண்டு. பத்மினியில் பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும்போது பம்புக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பால் தள்ள முடியாது, வண்டி நின்றுவிடும். அதற்கு ஊரறிந்த வைத்தியம் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றுவது. அண்ணன் அதற்கென்றே பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார். “அண்ணன் வீட்டு வேட்டி கொடியில் காய்ந்ததைவிட பானெட்டுக்குள் காய்ந்ததுதான் அதிகம்” என்பது எங்கள் குழுவில் மூத்த கேலிகளில் ஒன்று. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்ற செய்தி வந்த அன்று, நாங்கள் எல்லோரும் வரிசையாக அண்ணனைத் தொலைபேசியில் அழைத்துத் துக்கம் விசாரித்தோம். அவரும் சளைக்காமல், “காரியம் பதினாறாம் நாள், வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவின் அம்பாசிடர் எங்கே நின்றாலும் கீழே எண்ணெய்ச் சொட்டு விழும். “மாமா எந்த வாசலில் நிறுத்தினாலும் கோலம் போடாமல் கிளம்ப மாட்டார், மார்கழியில் மட்டுமாவது என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள்” என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன். கூடவே சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு மரக்கட்டையையும் எப்போதும் வைத்திருப்பார், சமதரையில்கூட இறங்கி அதை வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். “கட்டையில்லாமல் மாமா கல்யாணப் பந்தியில்கூட உட்கார மாட்டார்.” ஹெரால்டின் பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். “வாத்தியாரைப் போலவே. வாயைத் திறந்தால் முழுசாகத்தான் திறக்கும்.”

பயணத்துக்கு யார் வண்டி முன்னால் போவது என்பதுதான் ஒவ்வொரு முறையும் பெரிய வழக்கு. கூட்டமாக மலை ஏறும்போது மெதுவான வண்டிதான் முன்னால் போக வேண்டும். வேகமான வண்டி முன்னால் போனால் வரிசை அறுந்துவிடும், பின்னால் நிற்பவன் நின்றது யாருக்கும் தெரியாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் வண்டிதான் மெதுவானது என்று யார் ஒப்புக்கொள்வார்? மாமா பத்மினியைக் காட்டினார், அண்ணன் அம்பாசிடரைக் காட்டினார், வாத்தியார் இரண்டின் எடையையும் குதிரைத்திறனையும் தாளில் எழுதி வகுக்க ஆரம்பித்தார். கடைசியில் அண்ணன்தான், “சரி, தேர் முன்னால் போகட்டும், மற்றவை சப்பரம்போல் பின்னால் வரட்டும்” என்று ஏற்றுக்கொண்டார்.

ஒருநாள் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு இவர்களோடு பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட என் மகள், “அம்மா, நீங்கள் யாரும் யாரையும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வதே இல்லையா?” என்றாள். உண்மையில் வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். எனக்கு உடனே விளக்கத் தெரியவில்லை. என் நோட்டை எடுத்துக் காட்டினேன். பயணத் திட்டம் போடும்போது குறிப்பெடுப்பது என் வேலை. அதில் இப்படி இருந்தது: பத்மினி: துணி 2, தண்ணீர் கேன் 10 லிட்டர் (வாத்தியாரும் ஒன்று). அம்பாசிடர்: எஞ்சின் ஆயில், மாமா 1, எண்ணூறு 1. ஹெரால்டு: பானெட் கொக்கி தளர்வு, கயிறு. எண்ணூறு: கிளட்ச் கேபிள் உபரி, அண்ணனிடம் 10-ஆம் நம்பர், 12-ஆம் நம்பர் ஸ்பேனர்.

அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கேலியாகப் பிறந்தது. யாரும் “என் வண்டியில் இன்னின்ன கோளாறு” என்று பட்டியல் கொடுத்ததில்லை. மாமாவின் கோலத்தைச் சொல்லிச் சிரித்து முடிக்கும்போது யாரோ ஒருவர் ஒரு லிட்டர் ஆயில் எடுத்து வர ஒத்துக்கொண்டிருப்பார். இந்த வண்டிகளுக்கு வேறு நாதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காண்டஸா காரின் தயாரிப்பு 2002-இல் நின்றது. மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் உத்தரபாராவில் அம்பாசிடர் தொழிற்சாலையும் மூடியது. பத்மினி, ஹெரால்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். யாரிடம் எந்த உதிரிபாகம் இருக்கிறது, எந்த வண்டி எங்கே காலை வாரும் என்கிற அறிவு எங்கள் பதினொரு பேரின் வாயில்தான் இருக்கிறது.

எல்லாக் கேலியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒருவருடைய வண்டியில் ஒரு கதவு மட்டும் வண்ணம் பூசாமல் பிரைமரோடு நின்றது. மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. ஒருவர் அதைப் பற்றி ஏதோ சொன்னார், நாங்களும் சிரித்தோம். கதவுக்கு வண்ணம் பூசாததற்குக் காரணம் பணம். அது தெரியாமல் சிரித்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணன் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வண்டியைச் சொல்லலாம், மடியைச் சொல்லக் கூடாது என்பது அதன் பிறகு எழுதாத சட்டமாயிற்று. ஆனால் அவர் திரும்ப வரவில்லை.

மரியாதையின் ஆறு மாதம்

நான் குழுவில் சேர்ந்த புதிதில் என்னை யாரும் கேலி செய்ததில்லை. ஒரே பெண். நான் வந்தால் நாற்காலி துடைத்துப் போடுவார்கள். பேச்சு ஒரு படி இறங்கும். என் வண்டியைப் பற்றி, “மாருதிக்கு என்னங்க, கவலையே இல்லை” என்பார்கள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. சம்பந்தி வீட்டுக்குப் போனால் தலைவாழை இலை போட்டு, நெய்யை மேலும் மேலும் ஊற்றுவார்கள், ஆனால் சமையலறைக்குள் விட மாட்டார்கள். அந்த மாதிரி. நம் உறவுமுறையிலேயே இது இருக்கிறது. மாமன் மச்சானைக் கேலி செய்யலாம், கொழுந்தியைக் கேலி செய்யலாம். சம்பந்தியைக் கேலி செய்தால் சண்டை. உள்ளே விட்டவர்களுக்குத்தான் கேலி, வாசலில் நிற்பவர்களுக்கு மரியாதை.

பிறகு காரமடைப் பக்கம் ஒரு பயணத்தில் என் கிளட்ச் கேபிள் அறுந்தது. பத்மினி அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். “அம்மணி, மாருதிக்கு நரம்பெல்லாம் உண்டா? நான் வெறும் தகரம் என்றல்லவா நினைத்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்கும்போது கண் நிறைந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான் எண்ணூறு அம்மணி ஆனேன். இதை நான் நன்றாக அறிந்தவள். அறிந்திருந்தும், அடுத்து ஒருவர் வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

காண்டஸா வைத்திருப்பவர் 2024 அக்டோபரில் எங்களோடு சேர்ந்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி 1994 மாடல், 1817 சிசி இசுஸு எஞ்சின், ஐந்து கியர். அடர்நீல வண்ணம் கண்ணாடிபோல இருந்தது. இருக்கைத் தோலில் ஒரு கீறல் கிடையாது. நாங்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தோம். அவரை யாரும் காண்டஸா என்று கூப்பிடவில்லை. சார் என்றோம். கடைசி மேசையில் அவருக்கு மட்டும் டீ தட்டுப் போட்டு வந்தது. டிசம்பர் முழுவதும் அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார், பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டார், எங்கள் கேலிகளைக் கேட்டுத் தலையை ஆட்டிச் சிரித்தார். கடைசி ஞாயிறு நான் நோட்டோடு ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவர் முறை வந்தது. அவர் வாயைத் திறந்தார். அதற்குள், “உங்கள் வண்டிக்கு என்ன சார், ராஜா மாதிரி ஏறும், ராஜா மாதிரி இறங்கும்” என்றது நான்தான். நோட்டில் காண்டஸா என்று எழுதி, எதிரே ஒரு சிறு கோடு போட்டு, அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன்.

இறக்கம்

ஏறியது சுகமாக இருந்தது. ஈச்சனாரியில் தேங்காய் உடைத்து, பொள்ளாச்சியில் இட்லி சாப்பிட்டு, ஆழியாறு தாண்டி, பத்மினி முன்னால் போக 40 வளைவுகளையும் ஏறினோம். வேட்டிக்கு இரண்டு முறை வேலை வந்தது. 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூவில் நின்று அணையைப் பார்த்தோம், பாறை மேல் வரையாடுகள் நின்றிருந்தன. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க அரை மணி நேரம் நின்றோம். அந்த இரவின் குளிரும் பேச்சும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

மறுநாள் இறங்கும்போது எனக்கு முன்னால் காண்டஸா, அதற்கு முன்னால் அம்பாசிடர். என் பக்கத்தில் மகள். அட்டகட்டி தாண்டியதும் அவள்தான் முதலில் சொன்னாள்: “அம்மா, அந்த வண்டியில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.” பார்த்தேன். வளைவில் மட்டும் அல்ல, நேர்ச்சாலையிலும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அப்போதைக்கப்போது தொட்டால் போதும். மலையடிவாரத்து லாரி ஓட்டுநர் எவரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார். அவர் மேல் கியரில், காலைப் பெடலிலிருந்து எடுக்காமல் வந்துகொண்டிருந்தார். நெடி வந்தது. நான் ஹாரனை அழுத்தினேன். மாமா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும், அம்பாசிடரை இடது ஓரத்துக்கு ஒடித்தார். காண்டஸா அதை ஒரு சாண் இடைவெளியில் கடந்து, ஆடி, கியர் இறங்கும் உறுமலோடு மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை விட்டு நின்றது. எதிரே வந்துகொண்டிருந்த பஸ் இருபதடி தூரத்தில் நின்றது.

மாமா ஓடி வந்தார். கையில் அந்த மரக்கட்டை. யாரும் எதுவும் பேசவில்லை. அவர் குனிந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

பிரேக் பெடல் தரைவரை போயிருந்தது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. பெடலை மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பத்மினியின் பம்பில் நடப்பதும் இதுவேதான். ஒன்றுக்கு வேட்டி வைத்திருந்தோம், இன்னொன்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. வருடக்கணக்காகக் கொட்டகையில் நின்ற வண்டிக்கு வண்ணமும் தோலும் புதிதாகப் போட்டவர்கள், திரவத்தை மாற்றவில்லை.

சுவரில் உட்கார்ந்து அவர் சொன்னார். அவினாசி சாலையிலேயே பெடல் பஞ்சுபோல இருந்ததைக் கவனித்தாராம். இந்த வண்டியில் மலை இறங்கியதே இல்லையாம். கடைசி ஞாயிறு சொல்லலாம் என்று வாயெடுத்தாராம். “நீங்கள் ராஜா மாதிரி இறங்கும் என்றீர்கள். அதற்குப் பிறகு சொன்னால், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பீர்களோ என்று விட்டுவிட்டேன்.” பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பெடல் ஓரளவு திரும்பி வந்தது. பத்மினி அண்ணன் காண்டஸாவை முதல் கியரிலும் இரண்டாவதிலும் மட்டும் வைத்து, பிரேக்கை அநேகமாகத் தொடாமல் ஆழியாறு வரை இறக்கினார். பக்கத்தில் சார். அண்ணன் தன் பத்மினியின் சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று என்னிடம் கொடுத்தார். ஸ்டியரிங்கில் கியர் இருக்கும் வண்டியை நான் அன்றுதான் முதன்முதலாக ஓட்டினேன். என் எண்ணூறை மகள் ஓட்டி வந்தாள்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு அவர் வர மாட்டார் என்றே நினைத்தேன். வந்தார். கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில். அதை மேசை மேல் வைத்தார். உள்ளே கறுப்பாக ஒன்று, அடியில் வண்டல். பட்டறையில் வண்டியிலிருந்து வடித்த பிரேக் திரவம். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கடைப் பையனிடம் திரும்பி, “தம்பி, பத்து டீ போதும். காண்டஸா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்துவிட்டார்” என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். அடுத்த பயணம் கொல்லிமலை என்று அன்று பேச்சு எழுந்தது. நான் நோட்டைப் பிரித்து, காண்டஸாவுக்கு எதிரே இருந்த கோட்டை அடித்துவிட்டு, சொல்லுங்கள் என்றேன். புதுத் திரவம், ஹேண்ட்பிரேக் கேபிள் தளர்வு, மூன்றாவது கியர் சில நேரம் விழ மறுக்கிறது என்று மூன்று வரி சொன்னார். சொல்லிவிட்டு எதிர் மேசைப் பக்கம் சாய்ந்து, “அண்ணா, எழுபது வளைவுக்கு எத்தனை வேட்டி எடுத்து வருகிறீர்கள்?” என்றார்.

“எனக்கு இரண்டு போதும்” என்றார் பத்மினி அண்ணன். “காண்டஸாவுக்கு வியர்த்தால் துடைக்க இன்னொன்று.”

வேட்டி, 3 என்று எழுதிக்கொண்டேன்.